மெத்தென்று ஒரு கையுறை

புதுத் துணி எது கைக்கு வந்தாலும் முதலில் கன்னத்தில் வைத்துப் பார்ப்பது என் பழக்கம், சார். உங்கள் காக்கிச் சட்டையைப் பார்த்ததும்கூட எனக்கு அந்த நினைப்புதான் வந்தது. கஞ்சி அதிகம். கழுத்தில் உறுத்தும்.

என் பெயர் சித்ரகலா. வீடு ராயபுரத்தில். அவிநாசி ரோட்டில் இருக்கிற எங்கள் பனியன் கம்பெனியில் இருபத்திரண்டு வருடமாகச் சாம்பிள் செக்‌ஷன் என் பொறுப்பு. பச்சைக் குழந்தைகளுக்கான சட்டை, தொப்பி, காலுறை எல்லாம் வெளிநாட்டுக்குப் போகும். உறுத்துகிறது என்று ஒரு உருப்படிகூடத் திரும்பி வந்ததில்லை.

போன வருடம் ஆர்டர் குறைந்தபோது முதலாளி குமாரசாமி ஒரு புது வேலை பிடித்துக்கொண்டு வந்தார். ராணுவ வீரர்கள் ஹெலிகாப்டரிலிருந்து கயிற்றைப் பிடித்துச் சறுக்கி இறங்குவார்களே, அதற்கான கையுறை. எங்களுக்கு அதில் அனுபவம் இல்லையே என்றேன்.

"காலுக்குத் தைக்கறமல்லங்க? கைக்குத் தைக்க மாட்டமா?" என்றார். எனக்கும் நியாயமாகத்தான் பட்டது.

போட்டுப் பார்த்துச் சொல்வதற்கு மடத்துக்குளத்திலிருந்து ராஜவேல் அண்ணனை அழைத்து வந்தார்கள். ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். இப்படி இறங்குவதுதான் அவருக்கு அங்கே வேலையே. கம்பெனித் தண்ணீர்த் தொட்டி நாற்பத்தைந்து அடி உயரம். அதன் உச்சியிலிருந்து மணிக்கட்டுப் பருமனில் ஒரு கயிற்றைத் தொங்கவிட்டோம். தப்பித் தவறி விழுந்தால் தாங்கட்டும் என்று அடியில் பனியன் வேஸ்ட் துணி மூட்டைகளை அவரே அடுக்கிக்கொண்டார்.

முதல் ஜோடிக்கு உள்ளங்கையில் இரட்டை எருமைத் தோல், நடுவில் சூடு தாங்கும் துணி. நிதானமாக இறங்கி, இரண்டு காலும் ஊன்றி நின்றார்.

"இது போதுமுங்க அம்மணி. இதை இப்படியே குடுத்துருங்க."

நான் அதை வாங்கிக் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். வறட்டி மாதிரி இருந்தது. எங்கள் லேபிளோடு அது வெளியே போவதை நினைத்தபோது எனக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்த ஜோடியை வாஷிங்குக்கு அனுப்பினேன். குழந்தைத் துணிக்குப் போடும் அதே சிலிகான் சாஃப்ட்னரில் மூன்று முறை முக்கச் சொன்னேன். திரும்பி வந்தபோது கன்றுக்குட்டியின் காது மாதிரி இருந்தது. ராஜவேல் அண்ணன் அதைப் போட்டுக்கொண்டு தொட்டி மேல் ஏறினார். நான் கண்ணை மூடித் திறப்பதற்குள் கீழே வந்துவிட்டார். மூட்டைகளுக்கு மேலே இரண்டு பாதங்கள் மட்டும் தெரிந்தன. கேன்டீன் முத்தாயியும் நானும் பிடித்து இழுத்தோம். மீசையெல்லாம் பஞ்சு.

"புடி நிக்கலீங்க அம்மணி. கைல கயிறு இருக்கறதே தெரியல."

'உறுத்தலே இல்லை' என்று நான் குறித்துக்கொண்டேன். அவரோ டெஸ்ட் ஷீட்டை வாங்கி ரிஜெக்ட் என்று எழுதிவிட்டார். சிவப்பு மையில். நீல மைப் பேனாவும் பக்கத்திலேயே இருந்தது, சார்.

வியாழக்கிழமை ராணுவ அதிகாரிகள் கையுறையைப் பார்க்க வருவதாக இருந்தது. "பழைய ஜோடியவே காட்டுங்க. இல்லீனா நான் ஏறலீங்க" என்று சொல்லிவிட்டார். சரிங்ணா என்றேன். பழைய ஜோடியை அன்று மத்தியானமே கட்டிங் மெஷினில் கொடுத்து நறுக்கிவிட்டேன். அதே நிறத்தில், அதே தையலில் இன்னொன்று தைத்து, சாஃப்ட்னரில் நான்கு முறை முக்கினேன்.

வியாழன் காலை வேன் வரவழைத்து வேஸ்ட் மூட்டைகளையும் ஏற்றி அனுப்பினேன். பெரிய மனிதர்கள் வருகிற இடத்தில் பார்க்க அசிங்கமாக இருந்தது. அந்த இடத்தில் கோலம் போட்டேன். ராஜவேல் அண்ணன் வந்து கோலத்தைப் பார்த்தார்.

"மூட்டையெல்லாம் எங்கீங்க?"

"ஆபீசருங்க வர்றாங்கல்லங்ணா."

"பழைய கிளவுஸ்தானுங்களே? அப்பறமென்ன." கையை நுழைத்தவர் கொஞ்சம் நிதானித்தார். "மெத்துனு இருக்குதேங்க?"

"நீங்க எறங்கி எறங்கிப் பழகிருச்சுங்ணா."

என்னை ஒரு முறை பார்த்தார். பிறகு சிரித்தார். வந்திருந்த பெரிய அதிகாரி அவர் கையைப் பிடித்துக் கட்டைவிரலால் உள்ளங்கையைத் தடவிப் பார்த்து, "சாஃப்ட்" என்றார். இந்த ஒரு வார்த்தைதான். நீங்கள் குழந்தைத் துணி தைத்ததில்லை, உங்களுக்குப் புரியாது.

தொட்டி மேலிருந்து இறங்கும்போது ராஜவேல் அண்ணன் கயிற்றை விட்டுவிட்டார் என்று முதலாளி உங்களிடம் சொல்லியிருக்கிறார். அது தவறு. தரை வரைக்கும் பிடித்துக்கொண்டேதான் வந்தார். கயிறுதான் கையில் நிற்கவில்லை. நிற்காது என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் கொடுத்தேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்கு முன்பே உயிர் போய்விட்டது. ஆனால் ஆம்புலன்ஸ் வரும்வரை நினைவு இருந்தது. நான் அவர் தலைமாட்டில் உட்கார்ந்து, அவர் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தேன் என்று முத்தாயி அழுதுகொண்டே சொன்னாளாம். அவளுக்கு நல்ல மனசு. நான் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தேன், சார். ரத்தம் பட்டுவிட்டால் தோல் விறைத்துப்போகும். அதிகாரிகள் இன்னும் கிளம்பியிருக்கவில்லை.

இடது கை சுலபமாக வந்துவிட்டது. வலது கையை மட்டும் இறுக்கி மூடிக்கொண்டு, கண்ணைத் திறந்து என்னையே பார்த்தார். நான் காதருகே குனிந்து, "விடுங்கண்ணா" என்றேன்.

கொஞ்ச நேரத்தில் விரல் தளர்ந்து விட்டுக்கொடுத்தார். என்மேல் கோபம் இருந்திருந்தால் விட்டிருக்கவே மாட்டார், சார்.