கஸ்தூரிக்கு எத்தனை நாள்?

கோதண்டராமன்: ...அதான் சொல்றேன் டாக்டரம்மா, உங்க ஸ்கேன் மிஷின்லதான் கோளாறு. போன தடவ "சினை இல்ல"ன்ட்டீங்க. சினை இல்லாமயா அதுலேர்ந்து எங்க கஸ்தூரி ஆம்பளக் குதிரய ஏறெடுத்தே பாக்கல!

டாக்டர் ஜாஸ்மின்: மிஷின் இருக்கட்டும்ண்ணா, நீங்க வால கெட்டியா புடிங்க. என் கை உள்ள இருக்கு, ஒதச்சா போய்டும்.

அம்சவேணி: நல்லா புடிய்யா. முன்னாடியே ரெண்டு தடவ சேத்தும் காலி. இன்னிக்கும் இல்லன்னா வித்துட வேண்டியதுதான். ஒடுகத்தூர் பஸ் ஸ்டாண்டாண்ட புரோக்கர் லாரியோட நிக்கிறான்.

கோதண்டராமன்: சும்மா லாரி லாரின்னு... எட்டு வருசமா மாப்பிள்ளைங்கள சுமந்து நமக்கு சோறு போட்டது வேணி இது! இது இல்லாம நான் இன்னா பண்ணுவேன்?

ஜாஸ்மின்: கொஞ்சம் பேசாம இருங்க... ம்...

கோதண்டராமன்: இன்னா? இன்னா டாக்டரம்மா?

ஜாஸ்மின்: இங்க பாருங்க. கறுப்பா, வட்டமா... நடுவுல துடிக்குதே, அதான் இதயம்.

கோதண்டராமன்: அய்யோ, என் தங்கமே! பாத்தியா வேணி? திருப்பி அனுப்பு அந்த லாரிய!

ஜாஸ்மின்: ரெட்டையும் இல்ல, ஒண்ணுதான். ஆனா... என்னிக்கு சேத்தீங்க?

அம்சவேணி: ஏகாதசி, வெள்ளிக்கெழம. நான்தான் நாள் பாத்து ஆம்பூர் மஹ்பூபி அக்கா வூட்டுக் குதிரகிட்ட அனுப்பினேன். இன்னியோட நாப்பது நாள்.

ஜாஸ்மின்: இது இருபத்தெட்டு நாள் சைஸ்தான் இருக்கு.

கோதண்டராமன்: பாத்தீங்களா, மறுபடியும் மிஷினு...

ஜாஸ்மின்: மிஷின் மேல பழி போடாதீங்கண்ணா. ரெண்டு வாரமாவது ஆனாத்தான் கரு ஸ்கேன்ல தெரியும். போன தடவ பதினெட்டு நாள்னு சொன்னீங்க. இந்த சைஸ வச்சிப் பாத்தா அன்னிக்கு வெறும் ஆறு நாள். எந்த மிஷின் காட்டும்?

அம்சவேணி: எனக்குப் புரியல. நாங்க சொன்ன தேதி சரின்னா?

ஜாஸ்மின்: சரின்னா... கரு சரியா வளரலன்னு அர்த்தம்.

அம்சவேணி: அப்ப தங்காது. லாரிய வரச் சொல்றேன்.

கோதண்டராமன்: இரு, இரு! வளருது, நல்லாவே வளருது! அந்த வெள்ளிக்கெழம... அவங்க குதிர வாணியம்பாடி கல்யாணத்துக்குப் போய்ட்டுது. மஹ்பூபி அக்கா பிரியாணி போட்டாங்க... சாப்ட்டு வந்துட்டேன்.

அம்சவேணி: ஏகாதசியில பிரியாணியா!

கோதண்டராமன்: நீ திட்டுவியேன்னு, சேத்தாச்சுன்னு சொல்ட்டேன். கஸ்தூரி பருவத்துக்கு வந்ததே பன்னண்டு நாள் கழிச்சுத்தான். அப்பதான் சேத்தேன். அன்னிக்கு...

அம்சவேணி: அன்னிக்கு?

கோதண்டராமன்: தேய்பிறை அஷ்டமி.

ஜாஸ்மின்: பஞ்சாங்கம் பாத்தா குதிர பருவத்துக்கு வரும், அம்சவேணிக்கா? முன்ன ரெண்டு தடவயும் ஏன் காலின்னு இப்பத்தான் தெரியுது.

கோதண்டராமன்: பொய் சொன்னது தப்புதான் வேணி. அந்த லாரிக்காரன மட்டும் போகச் சொல்லிடு...

அம்சவேணி: எந்த லாரி? மஹ்பூபி அக்கா போன வாரமே போன்ல எல்லாத்தையும் சொல்ட்டாங்க. உன் வாயால வரட்டும்னு நான் சும்மா உட்ட லாரிய்யா அது! கஸ்தூரிய நான் விப்பனா? போ... போய் அதுக்கு வெல்லம் எடுத்துனு வா.