நான் அனுப்பாத சரக்கு

— அப்புறம் என்ன, அரக்கைக் காய்ச்சி என் மண்டிக் கதவுல ஊத்தி, முத்திரையைக் குத்திட்டுப் போயிட்டான். அப்பா காலத்துக் கடை, அக்கா. ராத்திரி பூட்டறதைத் தவிர அந்தக் கதவு மூடி நான் பாத்ததே இல்ல.

— யாரு வந்தது? நெட்டையா, கண்ணாடி போட்டவனா?

— அவனேதான். உணவு ஆய்வாளர்னு அட்டையைக் காட்டினான். "நீங்க பேராசிரியரோட தம்பிதானே, உணவுச் சட்டம் நான் அவங்ககிட்டதான் படிச்சேன்"னு பல்லெல்லாம் தெரியச் சிரிச்சான். சிரிப்பு அடங்கறதுக்குள்ள சீல் வெச்சிட்டான்.

— எந்தப் பிரிவுல வெச்சான்? சொன்னானா?

— நாசமாப் போச்சு. கூடப் பொறந்தவன் தெருவுல நிக்கறேன், நீ பிரிவு கேக்கறே.

— சொன்னானா இல்லையா?

— சொன்னான். உட்பிரிவோட சொன்னான். எதுக்கு சீல், எங்க முறையிடணும், யாருக்கு மனு போடணும், எல்லாத்தையும் ஒப்பிச்சான்.

— நல்ல பையன். பரீட்சையில அதைத்தான் தப்பா எழுதினான்.

— அக்கா, வாசல்ல இருந்து உன் அறை வரைக்கும் மூக்கைப் பொத்திக்கிட்டு வந்திருக்கேன். ஃபினாயில் ஊத்தியும் நாத்தம் அடங்கல. பசங்க கறுப்புக் கோட்டு மாட்டிக்கிட்டு வாதாடிப் பழகற ஹால் இருக்கே, அங்க ரெண்டு பேர் வாளியும் கையுமா நிக்கறாங்க. ஒருத்தன் சொல்றான், உங்க சட்டக் காலேஜ் முதல்வர் நீதிபதி நாற்காலியைப் பிடிச்சுக்கிட்டே கக்கினாராம்.

— நாற்காலியில இல்ல. மேசை மேல. தீர்ப்பு எழுதற இடத்துல.

— சிரிக்கறியா?

— இல்ல. மத்தியானத்துல இருந்து எனக்கு எதுவும் வரல, அழுகையும் வரல. உட்காரு. அதுல வேண்டாம், அதுல ஒரு விருந்தாளி உட்கார்ந்திருந்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கோ.

— நான் சொல்றேன் கேளு. இன்னைக்கு உங்க புதுக் கட்டடத் திறப்பு விழா விருந்துக்கு சரக்கு என் கடையில இருந்து வந்தது. வாஸ்தவம். சாப்பிட்டவங்க எல்லாம் ஆஸ்பத்திரியில படுத்திருக்காங்க. அதுவும் வாஸ்தவம். இந்த ரெண்டையும் ஊரே முடிச்சுப் போட்டு என் கழுத்துல மாட்டுது. எதிர்க்கடைக்காரன் அதுக்குள்ள என் வாடிக்கைக்கெல்லாம் போன் போட்டு துக்கம் விசாரிக்கறான். சீலை உடைச்சிடலாம் அக்கா. சீல் வெச்ச கடைங்கற பேரை எந்த உளியால உடைக்கறது?

— வரிசையா சொல்லு. என்னென்ன அனுப்பினே?

— ரொட்டி. வெண்ணெய். வெள்ளரிக்காய். பழம். தண்ணி பாட்டில். உன் விருந்துன்னு பழத்தை ஒவ்வொண்ணா நானே உருட்டிப் பாத்துப் போட்டேன். பொண்டாட்டிக்குக்கூட அப்படிப் பொறுக்கினது கிடையாது.

— இறைச்சி?

— அங்கதான் வரேன். என் மண்டியில இறைச்சியே கிடையாது. அந்த வியாபாரமே நமக்கு ஆகாதுன்னு அப்பா இருக்கும்போதே விட்டாச்சு. ஆனா வர்ற வழியில உங்க சமையல் கட்டை எட்டிப் பாத்தேன். கழுவாத தட்டுல ரொட்டி கிடக்கு. மேல ஏதோ சாம்பல் நிறத்துல, பசை மாதிரி. சாக்கடை அடைப்பெடுத்தா மேல வருமே, அந்தப் பதம். பச்சையா ஒரு தழையைத் தூவி அலங்காரம் வேற. நான் அனுப்பாத சரக்கு என் ரொட்டி மேல எப்படி ஏறி உட்கார்ந்துச்சு?

— அது டப்பா இறைச்சி. நம்ம ஃப்ரிட்ஜ்ல இருந்தது.

— யாரோட ஃப்ரிட்ஜ்?

— ஆசிரியர்கள் ஃப்ரிட்ஜ். இந்தச் சுவத்துக்கு அந்தப் பக்கம். டேய், முழுசாக் கேளு, நடுவுல பேரம் பேசாதே. அந்தப் பள்ளிக்கூட விடுதிப் பிள்ளைங்க கேஸ் ஞாபகம் இருக்கா?

— ராத்திரிச் சாப்பாட்டுல டப்பா இறைச்சி சாப்பிட்டு, விடுதியே வரிசையா வாந்தி எடுத்துச்சே. உன் மாணவருங்கதான் பிள்ளைங்க பக்கம் நிக்கறாங்கன்னு சொன்னே.

— அந்தக் கேஸ்தான். நம்ம ஆய்வு மையத்துல பசங்க சட்டத்தைப் புத்தகத்துல மட்டும் படிக்கறதில்ல, நிஜ கேஸும் எடுப்பாங்க. விடுதிச் சமையல் அறையில மிச்சம் இருந்த டப்பாக்களைக் கைப்பத்தினாங்க. கம்பெனி பழைய தேதியைத் துடைச்சிட்டுப் புதுத் தேதி குத்தியிருக்கு. துடைச்ச தடம் வெளிச்சத்துல சாய்ச்சாத் தெரியும்.

— அடப் பாவிங்களா. தேதி மாத்தறவன் எங்க தெருவுலயும் இருக்கான். ஆனா அவன் பிஸ்கட்டுல மாத்துவான். பிள்ளைங்க வயித்துக்குப் போற இறைச்சியில கை வெக்க அவனுக்கே கூசும்.

— அந்த டப்பாக்களை அரசு ஆய்வகத்துக்குக் கொண்டு போனோம். இடமில்லைன்னாங்க. அடுத்த வாரம் வாங்கன்னாங்க. எத்தனை வாரம் நடந்தோம்னு எண்ணறதை விட்டுட்டோம். அதுவரைக்கும் கெடாம, அதாவது கெட்டது கெட்ட பதத்துலயே அப்படியே இருக்கணுமே. ஃப்ரிட்ஜ்ல வெச்சோம்.

— சாட்சியத்தைப் பால் பாக்கெட் பக்கத்துல வெச்சீங்களா?

— லேபிள் ஒட்டித்தான் வெச்சோம். பசங்களே எழுதினது. "இதனுள் அடங்கிய பொருள் மேற்படி வழக்கின் சான்றுப்பொருளாகக் கருதப்படத்தக்கது ஆகையால்"னு ஆரம்பிச்சு, டப்பாவைச் சுத்தி ஒரு சுத்து வரும். தொடாதேங்கற வார்த்தை கடைசி வரியில இருக்கும்.

— சாப்பிடாதேன்னு பெருசா ஒரு வரி எழுதினா உங்க படிப்புக்குக் கேவலமா?

— கேவலத்தைக் கேளு. போன வருஷம் இந்த மையம் ஒரு ஆய்வு போட்டுச்சு. உணவு லேபிளை எவ்வளவு பேர் முழுசாப் படிக்கறாங்கன்னு. ரெண்டாவது வரியைத் தாண்டி யாரும் படிக்கறதில்லைன்னு கண்டுபிடிச்சோம். அதுக்குப் பரிசும் வாங்கினோம். அந்தக் கேடயத்தை அதே ஃப்ரிட்ஜ் மேலதான் வெச்சிருக்கோம்.

— இதைக் கடையில சொன்னா என்னை பைத்தியம்பாங்க. சரி, தட்டுக்கு எப்படி வந்துச்சு?

— மெஸ் அம்மா மேல தப்பில்ல. கம்பெனிக்காரங்க சொன்னதை விட ரெண்டு கார் ஆளுங்களை அதிகமாக் கூட்டிக்கிட்டு வந்துட்டாங்க. வெள்ளரிக்காய் தீர்ந்துபோச்சு. அந்தம்மா பதறிப்போய் முதல்வர்கிட்ட என்ன பண்றதுன்னு கேட்டிருக்கு. ஃப்ரிட்ஜ்ல இருக்கறதை எடுத்துப் போடு, மானத்தை வாங்காதேன்னு அவரே சொல்லியிருக்கார். திறந்துச்சு, தடவுச்சு. நிறம் ஒரு மாதிரி இருக்கேன்னு தழையைத் தூவுச்சு.

— இரு இரு. எந்தக் கம்பெனி? உங்க புதுக் கட்டடத்துக்குப் பணம் குடுத்த கம்பெனியா?

— அதே கம்பெனிதான். டப்பாவும் அவங்களுது, கட்டடமும் அவங்களுது.

— தூ. எச்சில் துப்ப ஒரு இடம் காட்டு அக்கா.

— ஜன்னல் திறந்துதான் இருக்கு. முதல்வர் ரிப்பன் வெட்டறதுக்கு முன்னாடி என்னைத் தனியாக் கூப்பிட்டார். உணவுச் சட்டமும் கொள்கையும் கத்துக்குடுக்கத்தான் மையம், வழக்குப் போட்டுப் பகை வளர்க்க இல்ல, அந்த விடுதி கேஸை நாசூக்காக் கைகழுவிடுங்கன்னார். நாசூக்குன்னு சொன்னப்ப வாயில பாக்குத் துண்டைத் துழாவிக்கிட்டே சொன்னார்.

— அந்த ஆளு ஆஸ்பத்திரியில இருக்கறதை நினைச்சு இவ்வளவு நேரம் வருத்தப்பட்டேனே. வருத்தத்தைத் திருப்பிக் குடு.

— அந்தக் கம்பெனிக்கு வக்கீல் ஒருத்தர் இருக்கார். பசங்க சென்ட்டு வக்கீல்னு கூப்பிடுவாங்க. ஆள் வர்றதுக்கு முன்னாடி சென்ட்டு வந்துடும். கோர்ட்டுல அவர் என்ன சொன்னார் தெரியுமா? வாடை மாறினதால பண்டம் கெட்டதா அர்த்தமில்லையாம். அந்தப் பிள்ளைங்க ஏழை வீட்டுப் பிள்ளைங்க, நல்ல இறைச்சி சாப்பிட்டுப் பழக்கமில்ல, உடம்பு ஏத்துக்கலையாம். அதுல ஒரு சின்னப் பொண்ணு இன்னும் வார்டுல இருக்கு. அதோட அம்மா அந்த பெஞ்சுல உட்கார்ந்து இதைக் கேட்டுக்கிட்டு இருந்துச்சு.

— வாய்ல நல்லா வருது எனக்கு. காலேஜ்னு பாக்கறேன்.

— இன்னைக்கு விருந்துக்கு வந்து அதே வக்கீல் வாந்தி எடுத்ததும் என்ன நடந்துச்சு தெரியுமா? அரசு ஆய்வகம் வண்டியே அனுப்புச்சு. தட்டு, ரொட்டி, வாளியில இருந்தது, எல்லாத்தையும் புட்டியில அடைச்சு ஐஸ் பெட்டியில வெச்சுத் தூக்கிட்டுப் போனாங்க. பிள்ளைங்க வாந்திக்கு இடமில்லாத ஆய்வகம். பெரிய மனுஷன் வாந்திக்கு அலமாரியே காலி பண்ணிக் குடுத்திருக்கு.

— சரி, இதுல எனக்கு நல்லதும் இருக்கு. அந்த நெட்டையனைக் கூப்பிட்டு இதையே சொல்லு. தம்பி அனுப்பினது ரொட்டியும் காயும், தின்னது வேற சரக்குன்னு சொல்லு. காலையில சீல் உடையும். எழுந்திரு, நானே வண்டியில கொண்டு விடறேன்.

— சொல்லத்தான் போறேன். அவனை வரச் சொல்லிட்டேன், வந்துக்கிட்டிருக்கான். அதுக்கு முன்னாடி ஒத்திகை பாக்கணும்.

— என்ன ஒத்திகை? கல்யாணத்துக்கா?

— சாட்சியைக் கூண்டுல ஏத்தறதுக்கு முன்னாடி எல்லாக் கேள்வியையும் ஒரு தடவை கேட்டுப் பாக்கணும். எதிராளி கேக்கற மாதிரியே. பசங்களுக்கு நான் கத்துக்குடுக்கறது அதான். ஒத்திகை பாக்காத சாட்சியை உள்ள விடமாட்டேன். இன்னைக்கு நான்தான் சாட்சி. நீ ஆய்வாளர். கேளு.

— எனக்கு கேள்வி கேக்க வராது, விலைதான் கேக்க வரும்.

— விலை கேக்கற மாதிரியே கேளு. விடாம.

— சரி. அம்மா, உங்க பேர் விலாசம் எல்லாம் இருக்கட்டும். நீங்க அந்த விருந்துல இருந்தீங்களா?

— இருந்தேன். முதல்வருக்கு இடது பக்கம். எதிர்ல சென்ட்டு வக்கீல்.

— நீங்க சாப்பிட்டீங்களா?

— இல்ல.

— அதானே, எல்லாரும் படுத்துட்டாங்க, நீ மட்டும் நிக்கறியேன்னு அப்பவே கேக்கணும்னு நினைச்சேன். ஏன் சாப்பிடல?

— வயிறு சரியில்லைன்னு சொன்னேன்.

— சரியில்லையா?

— சொன்னேன்.

— ம். உங்க மாணவருங்க? ஒருத்தரும் ஆஸ்பத்திரியில இல்லைன்னு கேள்விப்பட்டேன். அந்த வயசுப் பசங்க இலவசச் சோத்தை விடமாட்டாங்களே.

— நூலகத்துக்கு அனுப்பிட்டேன். அவசரமா ஒரு வேலை இருக்குன்னு.

— எப்போ அனுப்பினீங்க? விருந்துக்கு முன்னாடியா?

— தட்டு வந்ததும்.

— அக்கா.

— ஆய்வாளர் அக்கான்னு கூப்பிட மாட்டார். கேளு.

— தட்டைப் பாத்ததும் உனக்கு, உங்களுக்கு, அது என்னன்னு தெரிஞ்சுதா?

— எத்தனை வாரமா அந்த டப்பாக்களைச் சாய்ச்சும் நிமிர்த்தும், ஒண்ணைத் திறந்து மோந்தும் பாத்திருக்கேன். தழை போட்டா அடையாளம் மாறிடுமா? தட்டு மேசைக்கு வர்றதுக்கு முன்னாடியே வாடை வந்துடுச்சு.

— நிறுத்திக்கலாம் இதை. நான் சொல்றேன் கேளு. எனக்குத் தெரியாதுன்னு சொல்லிடு. ஃப்ரிட்ஜ்ல இருந்துச்சு, மெஸ் அம்மா எடுத்துச்சு, எனக்குப் பின்னாடிதான் தெரிஞ்சுதுன்னு சொல்லு. என் சீலும் உடையும், உனக்கும் ஒண்ணும் ஆகாது.

— அப்ப மெஸ் அம்மா மாட்டும். முதல்வர் சொல்லித்தான் செஞ்சேன்னு அது சொன்னா, அவர் சொல்லவே இல்லைம்பார். அவர் வாயைப் பத்தி உனக்குச் சொல்லிட்டேன்.

— உன் வேலை போகும். உன் மையம் போகும். கோட்டு மாட்டிக்கிட்டு அந்தப் பசங்க அப்புறம் எங்க போவாங்க? என் கடை போனா நான் தெருவுல ஒரு கூடை வெச்சுப் பொழைச்சுக்குவேன். விடு, சீல் இருக்கட்டும். நாளைக்கு நானே வந்து ஏதாவது சொல்லிக்கறேன்.

— வந்தவுடனே கடை கடைன்னு அழுதே, இப்ப இறக்கிப் பேசறே. நல்ல வியாபாரி. கேள்வி இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு.

— நான் கேக்கமாட்டேன்.

— அவன் கேப்பான். தெரியறதுக்கு முன்னாடி என்ன செஞ்சேங்கறது முக்கியமில்ல, தெரிஞ்ச பிறகு என்ன செஞ்சேங்கறதுதான் வழக்குன்னு நான்தான் அவனுக்குச் சொல்லிக் குடுத்தேன். அந்தக் கேள்வியை அவன் விட்டான்னா, நான் வாத்தியாரே இல்ல.

— வாசல்ல வண்டிச் சத்தம் கேக்குது.

— அதான் சொல்றேன், சீக்கிரம் கேளு.

— சரி. கேக்கறேன். சென்ட்டு வக்கீல் முதல் துண்டை எடுத்துத் தின்னார். அப்புறம்?

— பிரமாதமா இருக்கு, இதெல்லாம் எங்கேயிருந்து பிடிக்கறீங்கன்னு கேட்டார். விரலை நக்கினார். தட்டு காலியா இருந்துச்சு. நான் எழுந்தேன்.

— தடுக்கத்தானே எழுந்தே? தடுக்கத்தான்னு சொல்லு அக்கா. எழுந்து என்ன செஞ்சே?

— இன்னும் ரெண்டு வைக்கட்டுமான்னு கேட்டு, என் கையாலேயே வெச்சேன்.