இறங்கிப் போன வெள்ளைத்துண்டு

— யாரு செத்ததுன்னு சுருளியக்கா கேக்குறா. நான் என்னங்க பதில் சொல்லட்டும்?

— செத்ததா? நம்ம லயத்துல யாரும் சாகலையே புள்ள.

— அதத்தான் நானும் சொன்னேன். தேயிலைக் கொழுந்து எடை போட்டுட்டு டீக்கடை வழியா வர்றேன், கடையில இருந்த அத்தன பேரும் எந்திரிச்சு நிக்கிறாங்க. தலைப்பா எல்லாம் கழட்டிக் கையில இருக்கு. ‘ராமலட்சுமி, உங்க வண்டி கண்ணாடியில வெள்ளைத்துண்டு கட்டிப் போகுதே, அதுல யாரை ஏத்திட்டுப் போறாங்க’ன்னு கேக்குறா. நான் பதறிப்போய் ஓடியாறேன். நீங்க என்னடான்னா வாளியும் துணியுமா இந்தக் கறுப்பு வண்டியத் தேச்சிக்கிட்டு நிக்கிறீங்க.

— ஒரே சேறு. அதான் கழுவுறேன்.

— நம்ம வண்டி எங்க? அதச் சொல்லுங்க முதல்ல.

— ரிஜோ கொண்டு போயிருக்காரு. வண்டிக்கு வண்டி மாத்திக்கிறதுக்கு முன்னாடி உடுமலை வரைக்கும் ஒருக்கா ஓட்டிப் பாக்கணும்னாரு. அதுவரைக்கும் அவரு வண்டி இங்க நிக்கட்டும்னு விட்டுட்டுப் போனாரு.

— ஓட்டிப் பாக்குறவனுக்குத் துண்டு எதுக்கு?

— ஈரத் துண்டா இருக்கும். காயப்போட்டிருப்பாரு.

— காயப்போடுறவன் முடிச்சுப் போட்டா காயப்போடுவான்? நான் கேக்குறேன், இத்தன வருசமா நம்ம வண்டி ஓடுது. நோயாளிய ஏத்திக் கீழ போறப்போ பட்டப்பகல்லயும் லைட்டப் போட்டுட்டுப் போவீங்க. பொணத்த ஏத்தி மேல வர்றப்போதான் துண்டு கட்டுவீங்க. ஆசுபத்திரி கீழ இருக்கு, சுடுகாடு மேல இருக்கு. துண்டக் கட்டிக்கிட்டு நம்ம வண்டி ஒரு நாளாச்சும் கீழ எறங்கியிருக்கா? சொல்லுங்க பாப்போம்.

— இல்லதான். வெளியூர்க்காரரு, நம்ம பழக்கம் அவருக்கு என்ன தெரியும்? தெரியாம கட்டியிருப்பாரு.

— தெரியாம கட்டட்டும். எதுக்குக் கட்டுனான்?

— அட, வந்ததும் வராததுமா போலீசு மாதிரி கேக்குற. உக்காரு. கட்டஞ்சாயா போட்டு வச்சிருக்கேன், ஒரு வாய் குடி.

— சாயா கெடக்கட்டும். அந்த ஆள நான் முதல் நாளே நம்பல. யாராவது இப்பேர்ப்பட்ட வண்டியக் குடுத்துட்டு நம்ம ஓட்ட வண்டிய வாங்குவானா? மேல ஒரு காசு கூடக் கேக்காம?

— ஓட்ட வண்டியா? இந்த மலையில அத மாதிரி ஏறுற வண்டி உண்டா? மண்ணு சரிஞ்ச அன்னைக்கு ஜீப்பே நின்னு போச்சு, நம்ம வண்டி நிக்கல. ஏலக்காத் தோட்டத்துக்குப் போற பாதைக்கு இதுதான் வேணும்னு அவரு சொல்றாரு.

— நிக்காத வண்டிய நீங்க ஏன் விக்கப் பாக்குறீங்க?

— ஏன்னு உனக்குத் தெரியாதா?

— தெரியும். ரிசார்ட்டுல தங்க வந்த அந்தம்மா சொன்னது.

— எல்லாரு முன்னாடியும் சொன்னா புள்ள. பெட்டிய எல்லாம் ஏத்திட்டேன். அந்தம்மா உள்ள ஒரு கால வச்சுட்டு, ‘இதுல பொணம் ஏத்துவீங்களாமே’ன்னு கால எடுத்துட்டா. மேனேஜரு இனிமே வராதன்னுட்டான். லயத்துச் சின்னப் பசங்க கூட என்னப் பொணவண்டி மாமாங்குதுக. எனக்கு மட்டும் ஆசை இருக்காதா? நல்ல சட்டையப் போட்டுக்கிட்டு, ஏசியப் போட்டுக்கிட்டு, சிரிச்ச மொகமா நாலு பேரை ஏத்திட்டுப் போகணும்னு?

— ஆசை இருக்கட்டும். நான் வேணாங்கல.

— நேத்து இதுக்குள்ள உக்காந்து பாத்தேன். வெளிய மழை கொட்டுது, உள்ள ஒரு பொட்டுச் சத்தம் இல்ல.

— மழைச் சத்தமே கேக்காத வண்டியில, பின்னாடி இடுப்புவலின்னு ஒருத்தி கத்துனா மட்டும் கேக்குமா? சித்ராவுக்கு நம்ம வண்டியிலயே வளைவுல வச்சுப் புள்ள பொறந்துச்சே, இந்த வெள்ளைத் தோல் சீட்டுல படுக்க வச்சிருப்பீங்களா?

— அந்தப் பயல இன்னும் ஸ்டெப்னின்னுதானே கூப்புடுறாங்க.

— பேச்ச மாத்தாதீங்க. அவன் போட்ட நிபந்தனைய யோசிச்சுப் பாத்தீங்களா? பெயின்ட் அடிக்க வேணாம். பம்பர் நசுங்குனது அப்படியே இருக்கட்டும். ஆர்சி புக்குல பேரு மாத்துறது பின்னாடி பாத்துக்கலாம். அம்மன் படம் கண்ணாடிக்கு மேல அப்படியே இருக்கணும். அந்தத் துண்டு கெடக்குற டப்பாவக் கூட எடுக்கக் கூடாது. அவனுக்கு எதுக்குங்க நம்ம அம்மன்?

— பக்தியா இருக்கும்.

— அவன் கழுத்துல சிலுவை தொங்குது. ஆமா, அம்மன் படம்னதும்தான் ஞாபகம் வருது. காலைல சாமி மாடத்துல பாத்தேன். வண்டியில இருந்த படத்த ஏன் கழட்டி உள்ள வச்சீங்க?

— தொடைக்கலாம்னு எடுத்தேன்.

— தொடைச்ச மாதிரி தெரியல. வண்டி போகப் போகுதுன்னு நீங்க மனசுல முடிவே பண்ணிட்டீங்க. அப்படித்தானே?

— நீ ஒண்ணு.

— இந்த வண்டி டிக்கியத் தொறங்க.

— எதுக்கு?

— தொறங்கன்னா தொறங்க. பக்கத்துல நின்னா என்னமோ ஒரு வாசம் வருது.

— சென்டு அடிச்சிருப்பாரு. பெரிய வண்டிக்காரங்க... இந்தா, தொறந்துட்டேன். பாத்துக்க.

— ஏங்க.

— ம்.

— கோயிலுக்குள்ள போன மாதிரி மணக்குது. இது சென்டு இல்ல. சென்டு தூளா உதிருமா? இந்த ஓரத்துல பாருங்க, விரல்ல ஒட்டுது. மரத்தூளுங்க இது. சந்தனம்!

— சத்தமாப் பேசாத.

— சந்தனக்காட்டுப் பக்கத்துல பொறந்து வளர்ந்தவ நான். எனக்கு இந்த வாசம் தெரியாதா? அய்யோ, இப்பத்தான் எனக்குப் புரியுது. மொக்கையன் மாமா பொணத்த நீங்க மேல கொண்டு வந்தீங்கள்ல, அன்னைக்கு இவன் உங்க பக்கத்துலதானே உக்காந்து வந்தான்?

— வண்டி எப்படி ஏறுதுன்னு பாக்கணும்னு கேட்டாரு. ஏத்திக்கிட்டேன்.

— பாத்திருக்கான்! வண்டி ஏறுறதையா பாத்தான்? செக்போஸ்ட்டுல முனீஸ்வரன் சாரு துண்டப் பாத்ததும் தொப்பியக் கழட்டிட்டுக் கம்பத் தூக்கி விட்டாரே, அதப் பாத்திருக்கான். ஒரு வார்த்தை கேக்கல, கதவத் தொறக்கச் சொல்லல. மறுநாளே வந்து நிக்கிறான், என் வண்டிய எடுத்துக்க, உன் வண்டியக் குடுன்னு. இந்தக் கறுப்பு வண்டிய ஒவ்வொரு செக்போஸ்ட்டுலயும் நிறுத்தி நிறுத்திப் பாப்பாங்க. நம்ம வண்டிய யாரு பாப்பா? அவனுக்கு வேண்டியது வண்டி இல்லங்க. நமக்காக எந்திரிச்சு நிக்கிறாங்களே, அந்த மரியாதை!

— இருக்கலாம்.

— இருக்கலாமா? இப்ப அந்தக் கட்டையெல்லாம் நம்ம வண்டியில போய்க்கிட்டு இருக்கு! ஃபோனை எடுங்க. முனீஸ்வரன் சாருக்குச் சொல்லுங்க.

— இரு புள்ள.

— என்ன இரு? இந்நேரம் அவன் செக்போஸ்ட்டுக்கே போயிருப்பான்.

— போகட்டும், இரு.

— எதுக்கு இருக்கணும்? அப்போ பிடிச்சு ஃபோனக் கையில வச்சுக்கிட்டுப் பாத்துக்கிட்டே இருக்கீங்க, கூப்புட மட்டும் மாட்டேங்கிறீங்க. நான் சந்தனம்னு சொல்றேன், உங்களுக்குப் பதறவே இல்ல. நிசத்தச் சொல்லுங்க. உங்களுக்கு இது முன்னாடியே தெரியுமா?

— என்ன பேச்சு பேசுற?

— இந்தக் கறுப்பு வண்டிக்காகக் கண்ண மூடிக்கிட்டீங்களா? என்னப் பாத்துச் சொல்லுங்க. இனிமே ஒருத்தி வலியில துடிக்கிறான்னு நீங்க லைட்டப் போட்டுட்டுப் போனா, அவளக் கீழ எறக்கிப் போட்டுத் தேடுவாங்க. செத்துப்போனவங்களப் போத்தி எடுத்துட்டு வந்தா, போர்வைய வெலக்கிப் பாப்பாங்க. அந்தப் பாவத்த எங்க கொண்டு போய்க் கழுவுவீங்க? அந்த வாளித் தண்ணியிலயா?

— ராமலட்சுமி.

— பேர் சொல்லிக் கூப்புடாதீங்க. நான் ஒரு திருடன் வீட்டுல சாயா குடிக்க மாட்டேன்.

— ஃபோன் அடிக்குது. ரிஜோதான்.

— ஸ்பீக்கருல போடுங்க. நானும் கேக்கணும்.

— போட்டுட்டேன். ஹலோ, சொல்லுங்க தம்பி.

— வேல்முருகன் சேட்டா! கேக்குதோ? செக்போஸ்ட்ல வண்டிய நிறுத்திட்டாங்க, கேட்டோ.

— ஏனாம்?

— அறிஞ்சூடா, தெரியல. கம்பு தூக்கவே இல்ல. அந்த முனீஸ்வரன் சார் என்னை மேலயும் கீழயும் பாத்திட்டு, பின்னால உள்ள கதவத் தொறக்கச் சொல்லுறாரு. நான் சொன்னேன், பாடி உண்டு, மரிச்ச வீட்டுக்காரங்க காத்திருக்காங்கன்னு. சேட்டன் ஒரு வார்த்தை சொன்னா மதி, அது போதும்.

— பாடியா? யாரு பாடி?

— அது... வயசான ஒரு ஆளு. ஒரு பேரு சொல்லுங்க சேட்டா, பெட்டெந்நு, சீக்கிரம்.

— எங்க லயத்துல வயசானவங்க எல்லாம் நல்லாருக்காங்களே தம்பி.

— சேட்டா, களிக்கல்லே, விளையாடாதீங்க. வண்டி உங்க பேருல உள்ளதாக்கும். நான் மாட்டினா நீங்களும்தான்.

— சாவி உங்க கையில குடுத்ததக் கடையில இருந்த அத்தன பேரும் பாத்தாங்க தம்பி.

— நீங்க என்ன சேட்டா இப்படி... அய்யோ, சார், சார்! அந்தப் பாயத் தொடாதீங்க சார், பாடிக்கு மரியாதை—

— கட் ஆயிடுச்சு.

— பாயில சுத்தி வச்சிருக்கானா, படுபாவி! பொணம் மாதிரி!

— ஆமா.

— நம்ம வண்டி என்னங்க ஆகும்?

— கொஞ்ச நாளைக்கு அங்கதான் நிக்கும். கேஸு, கோர்ட்டுன்னு அலையணும். மெதுவா வரும். வர்ற வரைக்கும் பக்கத்து லயத்துச் சதீஷோட ஜீப்ப வாடகைக்குக் கேட்டிருக்கேன்.

— கேட்டிருக்கீங்களா? எப்போ?

— நேத்து.

— நேத்தா? நேத்து எதுக்கு நமக்கு ஜீப்பு?

— சாயா ஆறுது பாரு.

— இருங்க. அம்மன் படத்தக் கழட்டி வச்சீங்க. வீட்டு வாசல்ல குடுக்க வேண்டிய சாவியக் கடை முன்னாடி கொண்டு போய்க் குடுத்தீங்க. ஃபோன் வரும் வரும்னு பாத்துக்கிட்டே இருந்தீங்க. எங்கிட்ட ஏங்க சொல்லல?

— உன் மொகம் எதையும் மறைக்காது புள்ள. அவன் வந்து சாவி கேக்குறப்போ நீ முறைக்கிற முறைப்புலயே அவன் ஓடிப் போயிருப்பான். அதுவும் போக, ஒருத்தன் மேல சும்மா பழி சொல்லிறக் கூடாது. எனக்கும் வெறும் சந்தேகம்தான். டிக்கிய நானும் இப்பத்தான் பாக்குறேன்.

— சந்தேகம் எப்போ வந்துச்சு?

— மொக்கையன் மாமாவக் கொண்டு வந்த அன்னைக்கே. வழி நெடுக அவன் வண்டியப் பத்தி ஒண்ணும் கேக்கல. துண்டப் பத்தித்தான் கேட்டான்.

— முனீஸ்வரன் சாருக்கு நீங்கதான் ஆள் விட்டுச் சொன்னீங்களா?

— நான் ஒண்ணும் சொல்லல. அவரும் இந்த மலைக்காரருதானே. துண்டு எந்தப் பக்கம் போகணும்னு அவருக்குத் தெரியாதா?

— அதத்தான் கேக்குறேன். அவன் பாத்தது மேல வந்த பொணத்த. துண்டு கட்டிக் கீழ போறத அவன் பாக்கவே இல்லையே? அப்புறம் எப்படி அந்தப் புத்தி அவனுக்கு வந்துச்சு?

— நல்லவனா இருந்தா அந்தத் துண்டு டப்பாவுக்குள்ளயே கெடந்திருக்கும், இந்தக் கறுப்பு வண்டியும் நம்மளுது ஆயிருக்கும் புள்ள. கீழ போறப்பவும் கட்டணுமா சேட்டான்னு நேத்து கேட்டான், கட்டாயம் கட்டணும் தம்பி, தூரத்துல இருந்தே தெரியிற மாதிரி கட்டுன்னு நாந்தான் சொல்லிக் குடுத்தேன்.