ஆஸ்பத்திரியில் வந்த தூக்கம்

சிங்கப்பூரின் புக்கிட் பாத்தோக்கில் புது வீடுகள் எழும்பிய சமயம். தேக்காவில் பஸ் ஏறிய இரண்டு பெண்கள் எனக்கு முன் இருக்கையில் உட்கார்ந்தார்கள். ஒரே மாதாகோயிலுக்குப் போகிறவர்கள் என்று பேச்சில் தெரிந்தது. மூத்தவர் சொன்னதைக் கேட்டுத்தான் நிமிர்ந்தேன்.

“ஆஸ்பத்திரியிலதான் ஜெசி, நான் நல்லா தூங்கினேன்.”

“ஆப்பரேஷன் வலியிலயா, அக்கா?”

“அந்த வலியோடதான். ஆனா முதுகு வலிக்கவே இல்ல. அப்பவே புரிஞ்சுபோச்சு, கோளாறு முதுகுல இல்ல, மெத்தையிலன்னு. வெளிய படுத்தா தூக்கம் வருது, வீட்ல வரலன்னா மெத்தையை மாத்திடணும் லா.”

“முன்னமே மாத்தியிருக்கலாமே?”

“அவரு முதல் சம்பளத்துல வாங்கின மெத்தை. மனசு நோகுமேன்னு வாயை மூடிட்டு இருந்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தா, மனுஷன் தரையில பாய் விரிச்சிருக்காரு. நான் இல்லாத அஞ்சு நாளும் அதுலதான் தூக்கமாம். ‘உனக்குப் பிடிக்கும்னுதான் இத்தனை வருஷம் மெத்தையில கெடந்தேன்’ங்கறாரு!”

ஜெசி சிரித்த சிரிப்பில் பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

“இப்ப எங்கக்கா போறீங்க?”

“மெத்தைக் கடைக்குத்தான். அவரு அங்க நிக்கிறாரு.” மூத்தவர் பெல்லை அழுத்திவிட்டு எழுந்தார். “ரெண்டு பேரும் படுத்துப் பார்த்துட்டுத்தான் வாங்குவோம். யாரு பார்த்தா என்ன?”