புகை மாதி கேட்ட விதை

ஏங்க, கால் வீங்குனா பார்லித் தண்ணி காய்ச்சிக் குடிக்கிறோமே, அந்தப் பார்லி எங்க நீலகிரி மலையிலயும் ஒரு காலத்துல அமோகமா விளைஞ்சுதுன்னு யாராவது உங்களுக்குச் சொல்லியிருக்காங்களா? ரெண்டாவதுக்கு நான் மாசமா இருந்தப்ப கால் ரெண்டும் பூசணிக்காயா வீங்கிப் போச்சு. அப்ப டம்ளரைக் கையில குடுத்துட்டு என் மாமியார் சொன்ன கதை இது. மூக்கைப் பிடிச்சுக்கிட்டு குடிச்சேன், கதையை மட்டும் விடாம கேட்டேன்.

ரோடு, பஸ்ஸு எதுவும் மலையேறாத காலமாம். கெரேஹட்டின்னு ஒரு ஊராம். அந்த ஊர்ல மாதின்னு ஒருத்தி இருந்தாளாம். புருஷன் போய்ச் சேர்ந்துட்டான். ரெண்டு பிள்ளைங்க, கொஞ்சம் எருமைங்க, ஒரு துண்டு நிலம். நிலம் பூரா பார்லி.

அந்த ஊர்ல பார்லி விளைஞ்சா பாதி மனுஷனுக்கு, பாதி எருமைக்கு. அதுதான் வழக்கமாம். ஒரு வருஷம் ஒரு வியாபாரி வந்தானாம். கீழே துரைமாருங்க பீர் காய்ச்சுற ஆலை வெச்சிருக்காங்க, அதுக்கு மால்ட்டு வேணும், பார்லியை முளைகட்டி வறுத்தாத்தான் மால்ட்டுன்னு சொன்னானாம். "முளைக்கிற மணியா குடுங்க, நல்ல விலை தரேன். ஒண்ணே ஒண்ணு, நெருப்புப் பக்கம் மட்டும் கொண்டு போயிடாதீங்க"ன்னானாம்.

ஊரே சரின்னுச்சாம். மாதியும் சரின்னாளாம்.

அறுப்பு முடிஞ்சுதோ இல்லையோ, மழை பிடிச்சுக்கிச்சாம். விடாம மழை. மாதி வீட்டுப் பின்சுவர் அப்படியே சரிஞ்சு விழுந்துச்சாம். விதைக்குன்னு அந்தப் பக்கம் கட்டித் தொங்கவிட்டிருந்த கதிரும் சேத்தோட போச்சாம். ஈரப் பார்லியை எங்கே காயப் போடுவா? காஞ்ச இடம்னு மிச்சம் இருந்தது அடுப்புக்கு மேல இருக்குற பரண் மட்டும்தான். புகை பட்டா வண்டு வராதுன்னு அவ மாமியாரும் அங்கதான் வெச்சா, அந்த மாமியாரோட மாமியாரும் அங்கதான் வெச்சா. நெருப்புப் பக்கம் வேண்டாம்னுதானே சொன்னான், புகையை ஒண்ணும் சொல்லலையேன்னு மாதியும் எல்லாத்தையும் பரண்ல ஏத்திட்டாளாம். சீக்கிரம் காயட்டும்னு அடுப்புல கட்டை கட்டையா வெச்சு எரிச்சாளாம்.

வியாபாரி வந்தான். வீட்டுக்கு ஒரு பிடி எடுத்து ஈரச் சாக்குல முடிஞ்சு வெச்சான். ரெண்டு மூணு நாள் கழிச்சுப் பிரிச்சா, ஊர்ல எல்லார் மணியும் வெள்ளை மூக்கு நீட்டியிருக்கு. மாதியோடது அப்படியே கிடக்கு. சூடு பட்டு உயிர் போயிருச்சு.

"இது மாட்டுக்குத்தான்மா"ன்னுட்டு அவன் அடுத்த வீட்டுக்குப் போயிட்டானாம்.

அடுத்த வீடு கெப்பியோடது. கெப்பி இருக்காளே, வாய்க்குப் பூட்டே கிடையாதாம். "அடியே மாதி, பார்லி காயப் போட்டியா, கருவாடு போட்டியா?"ன்னு தண்ணித் துறையில வெச்சுக் கேட்டாளாம். ஊரே சிரிச்சுதாம். அன்னையிலிருந்து அவ பேரே புகை மாதி.

மத்தவங்க விதையை மட்டும் எடுத்து வெச்சுட்டு மிச்சம் அத்தனையும் வித்துட்டாங்களாம். "எருமைக்கு?"ன்னு யாரோ கேட்டதுக்கு, "புல்லு எங்கே போகப் போகுது?"ன்னாளாம் கெப்பி.

புல்லு போச்சு. மழை நின்ன கையோட உறைபனி இறங்குச்சாம். காலையில எழுந்து பார்த்தா மலையே வெள்ளை. வெயில் ஏறினா மலையே கருப்பு. புல்லு பூரா கருகி, மிதிச்சா மாவா நொறுங்குதாம். எருமைங்க மடி வத்திப் போய், எலும்பு துருத்திக்கிட்டு, நின்ன இடத்துலயே நிக்குதாம். ஊர்லயே தீவனம் இருந்த ஒரே வீடு மாதி வீடு.

அப்பத்தான் ஊட்டியிலிருந்து குதிரை லாயத்துக்காரன் வந்தானாம். "முளைக்குதோ முளைக்கலையோ, குதிரை அதெல்லாம் கேக்காது. மொத்தமும் எடுத்துக்குறேன்"ன்னானாம்.

மாதி சுவர் இருந்த இடத்தைப் பார்த்தாளாம். பாயைத் தொங்கவிட்டு மறைச்சிருந்தது. அதுக்குப் பின்னாடிதான் பிள்ளைங்க ஒருத்தரை ஒருத்தர் கட்டிக்கிட்டுத் தூங்குதுங்க. வித்தா மறுநாளே சுவர் வைக்கலாம். வெளியில பார்த்தாளாம். ஊர் எருமைங்க நிக்குது.

நானா இருந்தா வித்திருப்பேனோ என்னவோ. எனக்கும் ரெண்டு பிள்ளைங்க, பனி எப்படிக் கடிக்கும்னு தெரியும்.

"இல்லைங்க, இது எங்க எருமைங்க பங்கு"ன்னு அவனை அனுப்பிட்டாளாம்.

ஊர்ப் பொம்பளைங்க ஒவ்வொருத்தியா கூடையோட வந்தாங்க. மாதி அளந்து போட்டாளாம். "ஊற வெச்சு, வேக வெச்சுக் குடுங்க. பச்சையா போட்டா வயிறு ஊதிரும்"னு சொல்லிச் சொல்லி அனுப்பினாளாம்.

கெப்பி மட்டும் வரலை. எந்த முகத்தோட வருவா? அவ வீட்டுச் சினை எருமை படுத்தது எழுந்திரிக்கலையாம். கெப்பி கதவைச் சாத்திக்கிட்டு உள்ளேயே கிடந்தாளாம்.

மாதி ஒரு கூடையைத் தலையில வெச்சுக்கிட்டு அந்த வாசலுக்குப் போனாளாம். கதவு லேசா திறந்துச்சு.

"என்ன, சொல்லிக் காட்ட வந்தியா?"ன்னாளாம் கெப்பி.

எங்க பக்கம் இன்னைக்கும் யாரும் சொந்த விதையை முதல்ல விதைக்க மாட்டாங்க, தெரியுமா? பார்லி போய் உருளைக்கிழங்கு வந்துருச்சு, வழக்கம் மட்டும் அப்படியே இருக்கு. எந்த வீட்டோட பேச்சு வார்த்தை இல்லையோ, அந்த வீட்டு வாசல்ல போய் ஒரு கூடை விதை கேட்டு வாங்கி, அதைத்தான் முதல்ல மண்ணுல போடணும். கேட்டா இல்லைன்னு சொல்லக் கூடாது. அன்னைக்கு அந்த வாசல்ல மாதி கேட்டதுதான் அதுக்கு ஆரம்பம்னு சொல்வாங்க.

தலையில இருந்த கூடையை இறக்கி வெச்சாளாம். எருமைக்குக் கொண்டு வந்தேன்னு ஒரு வார்த்தை சொல்லலையாம். முந்தானையை விரிச்சுப் பிடிச்சுக்கிட்டு இப்படிக் கேட்டாளாம்:

"கெப்பி, என் வீட்டுல முளைக்கிற மணி ஒண்ணு கூட இல்லை. உன் விதையில எனக்குக் கொஞ்சம் குடேன்."