கனத்தில் மட்டும் பொய் கூடாது

மேசைக்குப் பின்னால் அமர்ந்திருக்கும் மேலாளர் அம்மா அவர்களே, பட்டாளத்தார் ஐயா அவர்களே, ஆளுக்கொரு நாற்காலியைத் தாங்களே உருட்டிக்கொண்டு இந்தச் சோதனை அறைக்கு வந்திருக்கும் அண்ணன்மார்களே, அக்காமார்களே, முன்வரிசையில் இருக்கும் என் அம்மாவே, அனைவருக்கும் என் வணக்கம்.

பள்ளியில் நான் பேச்சுப் போட்டிகளில் பேசியிருக்கிறேன். அங்கே தலைப்பைக் கொடுத்துவிட்டு, நேரம் முடிந்ததும் மணி அடிப்பார்கள். இந்த நினைவுக் கூட்டத்தில் தலைப்பு என் சித்தி. மணி அடிக்க யாருமில்லை. கொஞ்சம் நீண்டுவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்கு அவர் தலைமை வடிவமைப்பாளர். ஆனால் இந்த அலுவலகம் அவரை அழைத்த பெயர் நடுவரம்மா. ஏன் அந்தப் பெயர்? பலர் சேர்ந்து இணையத்தில் ஆடும் போர் விளையாட்டு ஒன்றை நீங்கள் செய்துகொண்டிருக்கிறீர்கள். அதைச் செய்வதற்காக இந்த அறையிலேயே தினமும் ஒரு போர் நடந்தது! ஒரு பக்கம், ராணுவத்தில் ஓய்வுபெற்று இங்கே ஆலோசகராக வந்த பட்டாளத்தார் ஐயா. எல்லாம் நிஜம்போலவே இருக்க வேண்டும் என்பார். மறுபக்கம், நிரல் எழுதும் தாடி அண்ணன். ஆடுகிறவருக்கு ஆட்டம் ருசிக்க வேண்டும், மற்றதெல்லாம் அப்புறம் என்பார். இருவருக்கும் நடுவே, ஆறிப்போன தேநீரோடு, என் சித்தி.

முதல் போர்க்களம் நினைவிருக்கிறதா? பட்டாளத்தார் ஐயாவின் பேச்சைக் கேட்டு, நிஜமான மலையடிவாரம் எவ்வளவு பெரிதோ அவ்வளவு பெரிதாகவே அமைத்தீர்கள். இரண்டு அணிகளும் மதியம் முழுக்க நடந்தன. ஒருவர்கூட எதிரியைக் கண்ணால் பார்க்கவில்லை! தாடி அண்ணன் சிப்பாயை நடக்கவைக்கும் விசையின் மேல் ஸ்டேப்ளரை வைத்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார். கை கழுவிவிட்டு வந்து பார்த்தால், அவருடைய சிப்பாய் இன்னும் நடந்துகொண்டிருக்கிறார்.

“இதுதான்யா போர்! நாங்க முக்கால்வாசி நேரம் நடந்துதான் செத்தோம்,” என்று ஐயா பூரித்துப்போனார்.

“அப்ப வாக்கிங் போற விளையாட்டுன்னு சொல்லி வித்துடலாம் ஐயா. டாக்டருங்களே எழுதிக் குடுப்பாங்க,” என்றார் தாடி அண்ணன்.

சித்தி சிரித்து முடித்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்: “தூரத்துல பொய் சொல்லிக்கலாம். நேரத்துல பொய் சொல்லிக்கலாம். கனத்துல மட்டும் வேணாம்.”

அது என்ன கனம்? எனக்கு அது புரிந்தது ஸ்ட்ரெச்சரால்தான்.

பள்ளி விட்டதும் சித்தி என்னை இங்கே அழைத்து வருவது அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. “சண்டை விளையாட்டுக்கா என் பொண்ணக் கூட்டிட்டுப் போற?” என்று கேட்டார். “அவ சுட மாட்டாக்கா, தூக்குவா,” என்றார் சித்தி. அப்படியே நடந்தது. இந்த விளையாட்டில் நான் ஒரு துப்பாக்கியையும் தொட்டதில்லை. காயம்பட்டு விழுந்தவரை ஸ்ட்ரெச்சரில் தூக்கிப் போவது மட்டுமே என் வேலை. இரண்டு பேர் வேண்டும். இருவரின் காலடியும் ஒன்றாக விழ வேண்டும். இல்லாவிட்டால் படுத்திருப்பவர் கவிழ்ந்துவிடுவார். அவரும் எங்கோ ஒரு வீட்டில் உட்கார்ந்து ஆடுகிற ஒருவர்தானே!

“எடைய எடுத்துடலாம் நடுவரம்மா. இவ்ளோ மெதுவாப் போனா எவன் தூக்குவான்?” என்றார் தாடி அண்ணன். சித்தி வாதாடவில்லை. ஒரு மடக்குக் கட்டிலைக் கொண்டுவரச் சொன்னார். தாடி அண்ணனை அதில் படுக்கவைத்து, வரவேற்பறை வரை தூக்கிப் போகும்படி இரண்டு அண்ணன்களிடம் சொன்னார். “தாடிய மட்டும் எடுத்தாலே பாதி எடை கொறஞ்சிடும்ணே!” என்று யாரோ கத்தினார்கள். எல்லோரும் சிரித்தோம். வாசல் திரும்பும்போது கட்டில் சாய்ந்தது. தாடி அண்ணன் இரண்டு பக்கச் சட்டத்தையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, “டேய், போட்டுறாதீங்கடா!” என்றார். அந்தக் குரலில் விளையாட்டு இல்லை. விளையாட்டில் எடை அப்படியே இருந்தது.

ஆனாலும் ஸ்ட்ரெச்சர் தோற்றது. ஏன் தோற்றது? தூக்குகிறவர்கள் தூக்கினார்கள். படுத்திருந்தவர்கள்தான் ஆட்டத்தை விட்டு எழுந்து போனார்கள். ஆடிச் சோதித்துப் பார்க்க வந்தவர்களில் பெரும்பாலோர் அப்படிப் போனார்கள். சும்மா படுத்திருப்பது சலிப்பு. அதோ, எனக்குப் பின்னால் இருக்கும் பலகையைப் பாருங்கள். ‘ஸ்ட்ரெச்சர் நீக்கம். பொத்தானை அழுத்தினால் காயம் ஆறும்.’ அது சித்தியின் கையெழுத்து. யாரும் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை. “ஆடறவங்களே எழுந்து போயிட்டா, அது உண்மையா இருந்து என்ன பிரயோஜனம்?” என்று சொல்லிவிட்டு அவரே எழுதினார். எழுதிவிட்டு வெகு நேரம் அந்தப் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு அவர் இந்த அறைக்கு வரவில்லை. அதனால் நடந்த ஒன்று உங்களுக்குத் தெரியாது. அதைச் சொல்லத்தான் நான் எழுந்து நிற்கிறேன்.

சித்தியை மருத்துவமனைக்கு அழைத்துப் போன அன்று, எங்கள் குடியிருப்பின் லிஃப்டில் ஸ்ட்ரெச்சர் நுழையவில்லை. ஆம்புலன்ஸ்காரர்கள் இருவர் படிக்கட்டு வழியாகத் தூக்கினார்கள். நான் பையோடு பின்னால் போனேன். புத்தகங்களில் இப்படிப் போகிறவர்கள் பெரிய பெரிய வசனம் பேசுவார்கள். சித்தி, “கேஸ் சிலிண்டர மூடியாச்சா?” என்று கேட்டார்.

கீழ்ப்பக்கம் பிடித்திருந்தவர் சித்தியைப் பார்த்தபடி பின்னோக்கி இறங்கினார். அவருக்கு முதுகுக்குப் பின்னால் இருப்பது தெரியாது. மேல்பக்கம் பிடித்திருந்தவருக்குத் தன் காலடியே தெரியவில்லை, ஸ்ட்ரெச்சர் மறைத்தது. எல்லாவற்றையும் பார்க்க முடிந்தவர் யார்? தலைப்பக்கம் உயர்த்திப் படுத்திருந்த சித்தி!

“அண்ணே, பின்னாடி பூந்தொட்டி. இடது பக்கம் வாங்க. இன்னும் ரெண்டு படி, அப்புறம் திருப்பம்.”

கீழ்த்தளம் வரை அப்படியே வழி சொல்லிக்கொண்டு வந்தார். மூச்சு வாங்கியது. ஆனால் அவர் கண்கள்! புதுக் கணக்கு ஒன்று கிடைத்துவிட்டால் வருமே, அந்தக் கண்கள். வண்டியில் ஏற்றியதும், பின்னோக்கி இறங்கிய அந்த அண்ணன் நெற்றியைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: “நீங்க சொல்லலேன்னா நான் தொட்டி மேலயே விழுந்திருப்பேம்மா.”

“அத எங்க ஆபீஸ்ல வந்து சொல்லுங்கண்ணே,” என்றார் சித்தி. பிறகு என் பக்கம் திரும்பினார். “தூக்கறவங்களுக்குக் கனத்த வெச்சோம் குட்டி. படுத்திருக்கறவங்களுக்கு ஒரு வேலையும் வெக்கல. அதான் எழுந்து போயிட்டாங்க. எனக்கு இப்ப வேல இருந்துச்சு பாரு, பயப்படவே நேரமில்ல.”

மறுநாள் அவருக்குப் பேசும் நிலை இல்லை. அதன்பின் அவர் பேசவே இல்லை.

அவையோரே! சித்தி செய்தது எல்லாமே சரி என்று நான் சொல்ல வரவில்லை. தான் வடிவமைத்ததைத் தானே நீக்கத் துணிந்தவர் அவர். நான் கேட்பது இவ்வளவுதான்: பலகையை அழிக்காதீர்கள். ஆனால் விளையாட்டு வெளிவருவதற்கு முன், ஒரே ஒரு முறை சோதித்துப் பாருங்கள். தூக்குகிறவர்களுக்குத் தெரியாததைப் படுத்திருப்பவர் பார்க்கட்டும், பார்த்து அவர்களுக்குச் சொல்லட்டும். அப்போதும் எழுந்து போனார்களா? போகட்டும். பலகையில் உள்ளதே தீர்ப்பாக இருக்கட்டும். நடுவரம்மாவும் அதைத்தான் சொல்லியிருப்பார்.

அவர்கள் போகாவிட்டால், என் சித்தி இன்னும் வேலை பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று நான் எடுத்துக்கொள்வேன்.

அந்தச் சோதனையில் பட்டாளத்தார் ஐயா ஒரு முனையைப் பிடிக்கட்டும், தாடி அண்ணன் மறு முனையைப் பிடிக்கட்டும். இத்தனை நாள் தூக்கியே பழகிய நான் இந்த முறை படுத்துக்கொள்கிறேன். வழி சொல்கிறேன். பள்ளிப் பாடம் இருந்தாலும் வருவேன், அம்மாவிடம் அனுமதி வாங்கிவிட்டேன். இது நான் சித்திக்குத் தரும் வாக்கு.

அந்த ஆம்புலன்ஸ் அண்ணனால் வர முடியவில்லை. அதனால் நான் ஆபீஸில் வந்து சொல்லிவிட்டேன், சித்தி.