வெங்கடேசன் அண்ணன் அறைத் தூசி

வீடு பெருக்குகிறவர்களில் பாதிப் பேர் நடுவிலிருந்து ஆரம்பிக்கிறார்கள், மேடம். அது தப்பு. மூலையில்தான் ஆரம்பிக்க வேண்டும். மூலைத் தூசி கூச்ச சுபாவம் உள்ளது. தானாக வெளியே வராது. உங்கள் ஸ்டேஷனைப் பெருக்குகிற அம்மாளிடம் காலையிலேயே இதைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். நல்ல மனுஷி.

எழுதிக்கொள்ளுங்கள். பெயர் தங்கதுரை. வயது ஐம்பத்தொன்பது. கள்ளக்குறிச்சியில் விதைக்கடை வைத்திருந்தேன், இப்போது மகன் பார்க்கிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு உழவாரப்பணி. கேட்பாரில்லாமல் கிடக்கிற பழைய சிவன் கோயில்களுக்குப் பதினைந்து பேர் வேன் பிடித்துப் போய், புல் செதுக்கி, ஒட்டடை அடித்து, பெருக்கிக் கழுவிவிட்டு வருவோம். பதினொரு வருஷத்தில் ஒரு ஞாயிறு தவறியதில்லை. என் அம்மா செத்த ஞாயிறுகூடப் போய்விட்டு, எடுப்பதற்குள் வந்துவிட்டேன்.

வெங்கடேசன் அண்ணன் எதிர் வீடு. உளுந்தூர்பேட்டை ரோட்டில் முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர். ரோட்டுப் புழுதியெல்லாம் நெஞ்சில் இறங்கி, ஓய்வு பெற்றதும் மூச்சிரைப்பு வந்துவிட்டது. மனைவி இல்லை. ஒரே மகள் மணிமொழி, கல்வராயன்மலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் சயின்ஸ் டீச்சர். காலை பஸ்ஸில் மலை ஏறினால் பொழுது சாயத்தான் இறங்குவாள். அவர்கள் வீட்டுக்குப் பின்னால் அரிசி ஆலை. உமிச் சாம்பல் பறந்து வந்து அண்ணன் படுக்கையறையில் இறங்கும்.

"பெருக்க ஒரு ஆளு கெடைக்கல சித்தப்பா. தூசியில அப்பா படுற பாட்ட பாக்க முடியல" என்று ஒரு நாள் வாசலில் நின்று கண் கலங்கினாள். நான் எதற்கு இருக்கிறேன் என்றேன். சாவி ஒன்று கொடுத்தாள்.

அப்படித்தான் ஆரம்பித்தது. சின்ன உதவிதான். உலகத்தைப் பெரிய தர்மங்கள் தாங்கவில்லை, மேடம். சின்ன உதவிகள்தான் தாங்குகின்றன. தினமும் பதினோரு மணிக்குத் துடைப்பத்தோடு போவேன். அண்ணனுக்குச் சாமி நம்பிக்கை கிடையாது. வாய் சும்மா இருக்காது.

"இன்னா தொரை, ஒங்க சாமியே சாம்பல பூசிக்கினு சுடுகாட்ல ஆடறவரு. அவரு வூட்டயே பெருக்குற ஆளு நீ. என் வூட்டயா வுடப்போற?"

"அவரே அனுப்பினாருன்னு வச்சுக்குங்க அண்ணே."

"அனுப்பறதுதான் அனுப்பறாரு, ஒரு நர்சு பொண்ணா பாத்து அனுப்பக் கூடாதா? மீச வச்ச ஆள அனுப்புறாரு."

நான் சிரித்துக்கொள்வேன். அவர் பேசட்டும். பெருக்கி முடித்து முறத்தில் அள்ளிக் காட்டுவேன். "யப்பா, இம்மாந் தூசியா! நீ இல்லன்னா நான் போய் சேந்திருப்பேன்யா" என்பார். தெருவில் நாலு பேரிடமும் சொன்னார். மணிமொழி தீபாவளிக்கு எனக்கு வேட்டி எடுத்துக் கொடுத்தாள். உழவாரக் குழுவில் இதைக் கேள்விப்பட்டு எல்லோரும் கை தட்டினார்கள். நான் கேட்டு வாங்கியதில்லை.

தையில் மணிமொழி ஜன்னலுக்கு வலை அடித்தாள். நெருக்கமான பச்சை வலை. பத்தே நாளில் அறையில் தூசி இல்லை. முறத்தில் அள்ள ஒரு சிட்டிகைகூடத் தேறவில்லை. அண்ணன் எழுந்து உட்கார்ந்தார். அப்புறம் நடந்தார். ஒரு நாள் நான் போகும்போது கையில் துடைப்பத்தோடு நிற்கிறார். நடுவிலிருந்து பெருக்கிக்கொண்டிருக்கிறார்.

"நாளையிலருந்து வராத தொரை. ஒனக்கு எதுக்கு செரமம்? நானே பாத்துக்கறேன். சாமிய போய் பெருக்கு, போ."

சந்தோஷமாகத்தான் வீட்டுக்கு வந்தேன். ஆனால் பதினோரு மணி வந்தால் கை சும்மா இருக்கவில்லை. என் மருமகள் அறையைப் பெருக்கப் போனேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். நாலு நாள் பொறுத்தேன்.

கோயில் பெருக்குகிற தூசியை எங்கள் குழுவில் மதிலுக்குப் பின்னால் கொட்டுவார்கள். எனக்கு அது மனசுக்கு ஒப்பாது. அடியார் கால் பட்ட தூசி, மேடம். அதைக் குப்பை என்று சொல்லலாமா? எனக்கென்று கொஞ்சம் யூரியா சாக்கில் கட்டிக்கொண்டு வந்து மாடியில் வைப்பேன். மூன்று சாக்கு சேர்ந்திருந்தது. அண்ணனோ ஒரு நாளும் கோயில் வாசலை மிதித்தவரில்லை. அவரைக் கோயிலுக்குக் கூட்டிப்போக முடியாது. கோயிலைக் கொஞ்சம் அவரிடம் கொண்டுபோகலாம். இதில் என்ன கெடுதல்?

கல்லும் குச்சியும் இருக்கும் என்று மாவுச் சல்லடையில் சலித்தேன். மெல்லிசாக, பவுடர் மாதிரி வந்தது. சாப்பிட்டதும் ஒரு மணியிலிருந்து மூன்று மணி வரை அண்ணன் வெளித் தாழ்வாரத்தில் கட்டிலில் தூங்குவார். சாவி என்னிடம் இருந்தது. ஸ்டூலில் ஏறி ஃபேன் றெக்கைகள்மேல் தூவிவிட்டு வந்தேன். சாயங்காலம் ஃபேன் போட்டால் தானாக இறங்கும். புஷ்ப மழை மாதிரி என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை மணிமொழியே வந்து கூப்பிட்டாள். "சித்தப்பா, மறுபடியும் தூசி. வலை அடிச்சும் எப்படி வருதுன்னே தெரியல." துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போனேன். முறம் நிறைந்தது.

காரணத்தைக் கண்டுபிடிக்க நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. மெத்தைப் பஞ்சாக இருக்கும் என்றேன், மெத்தையை மாற்றினாள். மணிமொழி சயின்ஸ் டீச்சர் அல்லவா, அறை முழுக்கப் பேப்பர் விரித்து வைத்துப் பார்த்தாள். ஃபேனுக்கு அடியில் வட்டமாகத் தூசி. எலக்ட்ரீஷியன் ஜீவாவைக் கூப்பிட்டாள். ஏறிப் பார்த்தான்.

"யக்கா, றெக்க மேல இட்லி கனத்துக்கு தூசி கெடக்குது. தொடைக்கவே மாட்டீங்களா?"

"முந்தாநேத்துதான்டா தொடைச்சேன்."

"அப்ப மேல பூச்சு உதுருது. கொத்தனார கூப்புடுங்க."

நானே கொத்தனாரைக் கூட்டிவந்தேன். கூரையைப் பூசிச் சுண்ணாம்பு அடித்தார்கள். ஆலை மேல் புகார் மனுவும் நான்தான் எழுதினேன். தெருவில் நாற்பது பேர் கையெழுத்துப் போட்டார்கள். ஆலை பன்னிரண்டு நாள் நின்றது. வேலை போன லோடுமேன்கள் வந்து வாசலில் நின்று என்னைத் திட்டினார்கள். மோர் கொடுத்து அனுப்பினேன். அந்தப் பன்னிரண்டு நாளில் தூசியைக் குறைத்திருக்கலாம்தான். ஆனால் கூரை பூசி, ஆலையும் நின்றதால் தூசி போயிற்று என்றாகி, முறத்தில் ஒன்றுமில்லாமல் போயிருக்கும். அவள் சித்தப்பா என்று கூப்பிட வந்திருக்க மாட்டாள்.

அண்ணனுக்கு இளைப்பு மறுபடி வந்தது. தாழ்வாரத்தில் படுக்க முடியவில்லை, வெளிக்காற்று ஆகாது என்று அறைக்குள்ளேயே படுக்க ஆரம்பித்தார். கேலி குறைந்துபோனது. என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ மட்டும்தான்யா" என்பார். ஆஸ்பத்திரியில் டாக்டர் ஒரு விசித்திரமான கேள்வி கேட்டார்: "வெளவால் அடையிற எடம் எங்கயாவது போய் இருந்தாரா?" நுரையீரலில் காளான் மாதிரி ஏதோ பிடித்திருக்கிறதாம். நாங்கள் எல்லோரும் இல்லை என்றோம். கோயிலுக்குக்கூடப் போகாத மனுஷன் என்று நானே சொன்னேன். அது உண்மைதானே.

மூச்சுக்கு இழுக்கிற இன்ஹேலரை நான் எடுத்து மறைத்ததாக மணிமொழி சொல்கிறாள். மறைக்கவில்லை. தலையணைப் பக்கத்தில் கிடந்தால் தூசி படியும். கவரில் சுற்றி அலமாரி மேல் தட்டில் வைத்தேன். சுத்தமான இடம் அது ஒன்றுதான்.

அண்ணனுக்குப் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் அவள் என் வீட்டுக்கு வந்தாள். அறைத் தூசியை மலைக்குக் கொண்டுபோய் பள்ளிக்கூட மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தாளாம். ஒரு தாளில் எழுதிக் கொண்டுவந்திருந்தாள். வெளவால் எச்சம், வில்வ இலைத் துணுக்கு, கற்பூரக் கரி, குங்குமம். என் மருமகள் மாடியிலிருந்து சாக்கை இழுத்துவந்து நடுவீட்டில் போட்டாள். ஒன்றரை சாக்குதான் மிச்சம் இருந்தது.

"ஏன் சித்தப்பா?" என்று மட்டும் கேட்டாள் மணிமொழி. உட்காரம்மா, மோர் சாப்பிடு என்றேன். அவள் உட்காரவில்லை. நேராக உங்களிடம் வந்துவிட்டாள்.

கடைசி நாளைப் பற்றிக் கேட்டீர்கள். மறைக்க எனக்கு ஒன்றுமில்லை. பகல் இரண்டு மணி. தூங்குகிறார் என்று நினைத்து ஸ்டூலில் ஏறினேன். முதல் றெக்கை முடிந்து இரண்டாவதில் சல்லடையைத் தட்டும்போது கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். நான் கையில் வைத்திருந்ததைப் பார்த்தார். நிதானமாக, ரொம்ப நேரம். நெஞ்சு விசில் அடித்துக்கொண்டிருந்தது, பேச வரவில்லை. அலமாரியைப் பார்த்தார். அப்புறம் இரண்டு கையையும் தூக்கி என்னைக் கும்பிட்டார்.

பதினொரு வருஷம் சாமிக்குச் செய்திருக்கிறேன், மேடம். எதிரே ஒருவர் அப்படிக் கை கூப்பியதில்லை. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. இதுக்கெல்லாம் எதுக்கு அண்ணே நன்றி என்று சொல்லிவிட்டு, மூன்றாவது றெக்கைக்கும் தூவி முடித்து, இறங்கி, சுவிட்சைப் போட்டேன்.